தெற்கு டகோட்டாவில் பைசனும் பிரேரியும்: காரில் சென்று காண்பதற்கான முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்துக்குச் செல்பவர்களில் பெரும்பாலோர் மவுண்ட் ரஷ்மோரில் குடையப்பட்ட நான்கு குடியரசுத் தலைவர்களின் முகங்களைப் பார்ப்பதற்காகவே செல்கிறார்கள். அதற்கு ஒரு மணி நேரம் போதும். அந்த மலையிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்துக்குள் பைசன் எனப்படும் அமெரிக்கக் காட்டெருமையின் மந்தைகள் வாழும் மூன்று பெரிய காப்பிடங்கள் உள்ளன: பேட்லேண்ட்ஸ் தேசியப் பூங்கா, கஸ்டர் மாநிலப் பூங்கா, விண்ட் கேவ் தேசியப் பூங்கா. வட அமெரிக்காவில் இவ்வளவு குறுகிய சுற்றுக்குள், சாதாரண காரிலேயே சென்று, பிரேரி எனப்படும் புல்வெளியையும் அதை உருவாக்கிய விலங்கையும் ஒருசேரக் காண இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்பது என் உறுதியான கருத்து. ஆகவே, நான்கு நாள் விடுமுறையில் மூன்றரை நாள்களைப் புல்வெளிக்கு ஒதுக்குங்கள் என்றே நான் பரிந்துரைப்பேன்.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே கருத்தை மையமாகக் கொண்டது. பைசனைத் தேடி அலைய வேண்டியதில்லை. புல்லைக் கவனித்தால் பைசன் இருக்கும் இடம் தானாகவே தெரிந்துவிடும். விலங்கை மட்டும் தேடுபவர் பத்து நிமிடத்தில் ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். புல்லையும் சேர்த்துப் பார்ப்பவர் அதே இடத்தில் அரை நாள் இருந்தாலும் அவருக்குச் சலிக்காது.

கிளம்பும் முன் அறிந்துகொள்ள வேண்டியவை

ராக்கி மலைத்தொடர் பசிபிக் பெருங்கடலிலிருந்து வரும் ஈரக் காற்றைத் தடுத்துவிடுவதால், அதன் கிழக்கே பரந்து கிடக்கும் சமவெளியில் மழை குறைவு. மலையடிவாரத்தில் குட்டைப்புல், கிழக்கே மழை கூடக்கூட நடுத்தரப் புல், மிசிசிப்பி ஆற்றை நெருங்கும்போது ஆளுயரத்துக்கும் மேலான நெடும்புல் என்று பிரேரி மூன்று வகையாக அமைந்திருக்கிறது. வறட்சி, காட்டுத்தீ, மேய்ச்சல் ஆகிய மூன்றும் சேர்ந்து மரங்களை ஓங்கவிடாமல் வைத்திருந்தன. புல்லோ தன் உடலின் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் வைத்திருப்பதால், மேலே எரிந்தாலும் மேய்ந்தாலும் மீண்டும் தழைத்துவிடும். நெடும்புல்லில் சில இனங்களின் வேர்கள் மூன்று மீட்டருக்கும் கீழே இறங்குகின்றன. அந்த வேர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மட்கி உருவாக்கிய கரிய மண்ணுக்காகவே நெடும்புல் பிரேரி உழப்பட்டது. இன்று அதில் நூற்றுக்கு 4 பங்குகூட எஞ்சவில்லை. தெற்கு டகோட்டாவின் மேற்குப் பகுதியில் இருப்பது, மேலே நடுத்தரப் புல் என்று சொன்ன, குட்டையும் நெடியும் கலந்த கலப்புப்புல் பிரேரி. உழவுக்குப் போதிய மழை இல்லாததால் அது ஓரளவு தப்பிப் பிழைத்தது.

பைசனின் கதை இதைவிடத் துயரமானது. ஐரோப்பியர் குடியேற்றத்துக்கு முன் இந்தச் சமவெளியில் 3 கோடி முதல் 6 கோடி வரை பைசன்கள் இருந்ததாக மதிப்பிடுகிறார்கள். 1869-இல் கண்டத்தின் குறுக்கே ரயில் பாதை நிறைவடைந்ததும், 1870-களில் அவற்றின் தோலைத் தொழிற்சாலைகளுக்கான தோல்பட்டைகளாகப் பதப்படுத்தும் வணிகம் பெருகியதும் வேட்டையைப் படுகொலையாக மாற்றின. பைசன் அழிந்தால் அதையே உணவாகவும் உடையாகவும் உறைவிடமாகவும் கொண்டிருந்த லகோட்டா முதலிய சமவெளிப் பழங்குடி மக்கள் பணிந்துபோவார்கள் என்ற எண்ணம் ராணுவத் தலைமையில் பலருக்கு இருந்ததால், அந்தப் படுகொலையைத் தடுக்க அரசு முன்வரவில்லை. 1889-இல் விலங்கியலாளர் வில்லியம் ஹார்னடே எடுத்த கணக்கின்படி வட அமெரிக்கா முழுவதிலும் எஞ்சியிருந்தவை ஏறத்தாழ 1,100 மட்டுமே. இன்று நீங்கள் காணப்போகும் ஒவ்வொரு மந்தையும் அந்தச் சிறு எச்சத்திலிருந்து மனிதர்கள் சிலர் வளர்த்தெடுத்தது. 2016-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்கா பைசனைத் தன் தேசியப் பாலூட்டியாகச் சட்டப்படி அறிவித்தது.

படி 1: பருவத்தைத் தேர்ந்தெடுத்தல்

மே மாத இறுதியும் ஜூன் மாதமும் என் முதல் தேர்வு. ஏப்ரல், மே மாதங்களில் பிறந்த கன்றுகள் செம்பழுப்பு நிறத்தில் தாயின் நிழலிலேயே ஒட்டிக்கொண்டு திரியும். புல் பச்சையாக இருக்கும். காட்டுப்பூக்கள் மலரத் தொடங்கியிருக்கும். பெரிய விலங்குகளின் மேலிருந்து குளிர்கால ரோமம் கந்தல் கந்தலாக உதிர்ந்துகொண்டிருப்பதால் அவை நோயுற்றவைபோல் தெரியலாம். அது இயல்பான மாற்றமே. ஆனால் இந்த மாதங்களில்தான் பிற்பகல் இடிமழையும் ஆலங்கட்டி மழையும் அதிகம் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

ஜூலை இறுதியும் ஆகஸ்டும் இனச்சேர்க்கைக் காலம். ஆண்டின் பெரும்பகுதியைத் தனியாகவோ சிறு குழுக்களாகவோ கழிக்கும் காளைகள் அப்போது பெருமந்தையோடு வந்து சேரும். அவை தொண்டையிலிருந்து எழுப்பும் ஆழ்ந்த உறுமல் காற்றில்லாத காலையில் வெகுதூரம் கேட்கும். காளைகள் தலையோடு தலை மோதுவதையும் புழுதியில் புரள்வதையும் பார்க்க வேண்டுமானால் இதுவே காலம். ஒரே தடை, ஆகஸ்ட் தொடக்கத்தில் ஸ்டர்ஜிஸ் என்ற சிறு நகரில் நடைபெறும் மோட்டார்சைக்கிள் திருவிழா. லட்சக்கணக்கானோர் அந்த வட்டாரத்தில் குவிவதால் விடுதி வாடகை பன்மடங்கு உயரும், மலைச்சாலைகளில் நெரிசல் இருக்கும். அந்த நாள்களைத் தவிர்த்துவிட்டுத் திட்டமிடுவதே நல்லது.

செப்டம்பரில் புல் செம்பொன் நிறமாகிவிடும், கூட்டமும் குறையும். அம்மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை கஸ்டர் மாநிலப் பூங்காவில், குதிரை வீரர்கள் முழு மந்தையையும் ஓட்டிக்கொண்டுவந்து பட்டியில் அடைக்கும் நிகழ்வு 1960-களிலிருந்து நடந்துவருகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட விலங்குகள் ஒரு குன்றின் சரிவில் ஒன்றாக இறங்கி ஓடுவதைக் காண விரும்புவோர் விடியுமுன்பே சென்று இடம்பிடிக்க வேண்டும். மந்தை பட்டிக்குள் சேரும்வரை பார்வையாளர் எவரும் அந்த இடத்தை விட்டு வெளியேற முடியாது. சிறு குழந்தைகளோடும் முதியவர்களோடும் செல்பவர்கள் இதை யோசித்தே முடிவெடுக்க வேண்டும். குளிர்காலத்தில் பனியைத் தலையால் விலக்கி மேயும் பைசனைப் பார்ப்பது தனி அனுபவம்தான் என்றாலும், பனிச்சாலையில் ஓட்டிப் பழகாதவர்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 2: வழியும் முன்னேற்பாடும்

இந்தச் சுற்றுக்கு மையம் ராப்பிட் சிட்டி. அங்கு விமான நிலையமும் வாடகைக் கார் நிறுவனங்களும் உண்டு. காரிலேயே வருவதானால் டென்வரிலிருந்து ஏறத்தாழ ஆறு மணி நேரம், மினியாபொலிஸிலிருந்து ஒன்பது மணி நேரம், சிகாகோவிலிருந்து பதின்மூன்று, பதினான்கு மணி நேரம் ஆகும். சிகாகோவிலிருந்து வருபவர்கள் நடுவில் ஓர் இரவு தங்குவதுதான் பாதுகாப்பானது.

சுற்றின் வரிசை இவ்வாறு இருக்கட்டும்: கிழக்கிலிருந்து பேட்லேண்ட்ஸில் நுழைந்து ஓர் இரவு, பிறகு கஸ்டர் பூங்காவிலோ கஸ்டர் நகரிலோ இரண்டு இரவுகள், கடைசி நாள் விண்ட் கேவ். விமானத்தில் வந்து ராப்பிட் சிட்டியில் இறங்குபவர்கள் முதலில் 90-ஆம் எண் நெடுஞ்சாலையில் கிழக்கே சென்று இதே வரிசையைப் பின்பற்றலாம். கோடைக்காலத்தில் பூங்காக்களுக்குள் உள்ள விடுதிகளும் முகாமிடங்களும் பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடுவதால், தேதி முடிவானதும் முதல் வேலையாக அறையைப் பதிவு செய்துவிடுங்கள்.

நுழைவுக் கட்டணத்தில் பலர் குழம்புகிறார்கள். தேசியப் பூங்காக்களுக்கான ஆண்டு அனுமதி அட்டை பேட்லேண்ட்ஸில் செல்லும். கஸ்டர் மாநில அரசின் பூங்கா என்பதால் அங்கு அது செல்லாது, தனி அனுமதி வாங்க வேண்டும். விண்ட் கேவ் பூங்காவுக்குள் நுழையக் கட்டணம் இல்லை. குகைக்குள் வழிகாட்டியோடு செல்வதற்கு மட்டும் சீட்டு எடுக்க வேண்டும்.

வண்டியைப் பொறுத்தவரை, மழை பெய்யாத நாளில் சாதாரண செடான் கார் இந்த வழி முழுவதற்கும் போதும். சரளைச் சாலைகள் பல இருப்பதால் ஸ்பேர் டயரில் காற்று இருக்கிறதா என்று புறப்படும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் நிலையங்கள் குறைவு. வால் என்ற ஊரில் டேங்கை நிரப்பிக்கொண்டு பேட்லேண்ட்ஸுக்குள் செல்வது நல்லது. செல்பேசிச் சிக்னல் பல மைல்களுக்குக் கிடைக்காது என்பதால் வரைபடத்தை முன்கூட்டியே பதிவிறக்கிக்கொள்ள வேண்டும்.

பைனாகுலர் இல்லாமல் இந்தப் பயணத்தைத் தொடங்க வேண்டாம். எட்டு மடங்கு உருப்பெருக்கம் கொண்ட எளிய கருவியே போதும், ஆனால் குடும்பத்தில் இருவருக்கு ஒன்றாவது வேண்டும். படம் எடுப்பவர்களுக்கு 300 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் நீண்ட லென்ஸ் தேவை. சன்னல் விளிம்பில் அரிசி நிரப்பிய துணிப்பையை வைத்து அதன்மேல் லென்ஸைத் தாங்கினால் முக்காலியே வேண்டியதில்லை. மூடிய காலணி, முழுக்கால் சட்டை, தொப்பி, காற்றைத் தடுக்கும் மேல்சட்டை ஆகியவற்றை ஜூன் மாதத்தில்கூட எடுத்துக்கொள்ளுங்கள். பிரேரியில் காற்று ஓய்வதே இல்லை. சைவ உணவு உண்போருக்கு இந்தச் சிற்றூர்களில் தேர்வு மிகக் குறைவு. முதல் இரண்டு நாள்களுக்குப் புளியோதரையும் சப்பாத்தியும் கட்டிக்கொண்டு, விடுதியறையில் அனுமதி இருந்தால் சிறிய ரைஸ் குக்கர் ஒன்றையும் கொண்டுசென்றால் உணவைத் தேடி மாலை வெளிச்சத்தை வீணாக்க வேண்டியிராது. ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரையும் அழைத்துச் செல்பவர்கள் இந்த ஏற்பாட்டைக் கட்டாயம் செய்துகொள்ள வேண்டும்.

படி 3: பாதுகாப்பு விதிகளை மனத்தில் பதித்தல்

வளர்ந்த பைசன் காளை 900 கிலோ வரை எடை கொண்டது. திமில் வரை ஏறத்தாழ 1.8 மீட்டர் உயரம். அசைவற்று நிற்கும் அந்த உருவம் மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடியது. நொடியில் திரும்பவும் வேலியைத் தாண்டவும் அதனால் முடியும். கொடைக்கானலிலும் வால்பாறையிலும் சாலையோரம் அமைதியாக நிற்கும் காட்டுமாடுகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இங்கும் அந்த நினைப்பு வந்துவிடுகிறது. இது வேறு விலங்கு என்பதோடு, இரண்டு விலங்குகளுமே நெருங்கத் தக்கவை அல்ல.

பூங்காக்களின் விதிகள் இடத்துக்கு இடம் மாறினாலும், எங்கும் 100 கஜம், அதாவது ஏறத்தாழ 90 மீட்டர், என்பதையே உங்கள் விதியாக வைத்துக்கொள்ளுங்கள். கையை முழுவதும் நீட்டிக் கட்டைவிரலை உயர்த்தி, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். கட்டைவிரலுக்குப் பின்னால் விலங்கு முழுவதும் மறைந்தால் தூரம் போதும், மறையாவிட்டால் பின்வாங்குங்கள். வால் தளர்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தால் அது நிம்மதியாக இருக்கிறது. வால் மேலே நிமிர்ந்தால், தரையைக் காலால் கீறினால், தலையைத் தாழ்த்தி ஆட்டினால், அது உங்களை எச்சரிக்கிறது. அடுத்தது பாய்ச்சலாக இருக்கலாம்.

சாலையை மந்தை மறித்து நின்றால் காருக்குள்ளேயே இருங்கள். ஹாரன் அடிக்கவோ, மெதுவாக நகர்ந்து வழி ஏற்படுத்தவோ முயல வேண்டாம். தாய்க்கும் கன்றுக்கும் இடையில் உங்கள் வண்டி வந்துவிடக் கூடாது. முன்னால் உள்ள காருக்கும் உங்களுக்கும் இடையே போதிய இடம் விட்டு நிறுத்தினால், ஏதேனும் ஒரு காளை வண்டியை நோக்கி வரும்போது பின்னே செல்ல முடியும். மந்தை தானாகக் கடக்க அரை மணி நேரம் ஆகலாம். அந்த அரை மணி நேரம்தான் பயணத்தின் மிகச் சிறந்த பகுதியாக அமையக்கூடும்: எஞ்சினை நிறுத்தி, சன்னலைச் சற்றே இறக்கினால், பற்கள் புல்லை வெடுக்வெடுக்கென்று இழுத்துப் பறிக்கும் ஓசையும், கன்றை அழைக்கும் தாயின் பன்றி உறுமல் போன்ற குரலும் தெளிவாகக் கேட்கும்.

இருட்டிய பின் இந்தச் சாலைகளில் ஓட்டுவதைத் தவிர்த்துவிடுங்கள். கரும்பழுப்பு நிறப் பைசன் கார் விளக்கின் வெளிச்சத்தில் மிக அருகில் வரும்வரை கண்ணுக்குத் தெரியாது. புல்லில் நடக்கும்போது உண்ணிகளும், பிரேரி ராட்டில்ஸ்னேக் என்னும் நச்சுப் பாம்பும் உண்டு என்பதை மறக்காதீர்கள். அறைக்குத் திரும்பியதும் குழந்தைகளின் உடலில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

படி 4: பேட்லேண்ட்ஸ், முதல் நாள் பிற்பகலும் மறுநாள் காலையும்

கிழக்கிலிருந்து 90-ஆம் எண் நெடுஞ்சாலையில் வருபவர்கள் சேம்பர்லேன் என்ற ஊரில் மிசௌரி ஆற்றைக் கடக்கிறார்கள். அங்கு ஓய்விடத்தில் நின்று இரு கரைகளையும் பாருங்கள். ஆற்றுக்குக் கிழக்கே பெரும்பாலும் மக்காச்சோளமும் சோயாவும்; மேற்கே மேய்ச்சல் நிலம். புல் தன் ஆட்சியைத் தொடங்கும் எல்லையாக அந்த ஆற்றைக் கருதலாம். மேலும் மேற்கே சென்று முர்டோவுக்கும் கடோகாவுக்கும் இடையில் நேர மண்டலம் மாறி, கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னே செல்லும்.

131-ஆம் எண் வெளியேறும் வழியில் இறங்கினால் பேட்லேண்ட்ஸின் வளைவுச் சாலை தொடங்குகிறது. கடலடிச் சேறும், ஆற்று வண்டலும், எரிமலைச் சாம்பலும் சுமார் 7.5 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து அடுக்கடுக்காகப் படிந்தன. அவற்றைக் கடந்த 5 லட்சம் ஆண்டுகளாக நீர் அரித்துவருகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் கரைவதாகச் சொல்கிறார்கள். கூர்முனைகளையும் வரிவரியான நிறங்களையும் பார்த்து மயங்கி நிற்பவர்கள், சுவர்போல் நிற்கும் அந்த முகடுகளின் மேலும் கீழும் கலப்புப்புல் பிரேரி விரிந்து கிடப்பதைக் கவனிப்பதில்லை. பென் ரைஃபல் பார்வையாளர் மையத்தில் சாலை நிலவரத்தையும் அன்று மந்தை எங்கே தென்பட்டது என்பதையும் கேட்டுக்கொண்டு மேற்கே செல்லுங்கள்.

பைசனைக் காண முக்கியமான இடம், பினக்கிள்ஸ் காட்சிமுனைக்கு அருகே பிரிந்து மேற்கே செல்லும் சேஜ் கிரீக் ரிம் சாலை. பெரும்பாலான சுற்றுலாப் பயணிகள் இந்தப் பிரிவில் திரும்பாமல் வால் நகருக்குச் சென்றுவிடுகிறார்கள். என் கருத்தில் இந்தப் பூங்காவின் உயிர்நாடியே இந்தச் சரளைச் சாலைதான். 1963-இல் இங்கு மீண்டும் கொண்டுவந்து விடப்பட்ட பைசன்களின் வழிவந்த மந்தை இந்தச் சாலைக்குத் தெற்கே உள்ள காட்டுநிலத்தில் திரிகிறது. மாலை ஐந்து மணிக்கு மேல் நுழைந்து, ஒவ்வொரு காட்சிமுனையிலும் நிறுத்தி, பைனாகுலரால் பள்ளத்தாக்கை இடமிருந்து வலமாக மெதுவாக அலசுங்கள். தொலைவில் கரும்புள்ளிகளாகத் தெரிபவை புதரா விலங்கா என்று அறிய இரண்டு நிமிடம் பொறுத்திருந்தால் போதும். புள்ளிகள் இடம் மாறியிருந்தால் அவை பைசன்கள். தனிக் காளைகள் பல நேரங்களில் சாலையோரத்திலேயே படுத்திருக்கும்.

அந்தப் பிரிவிலிருந்து ஏறத்தாழ ஐந்து மைல் சென்றால் ராபர்ட்ஸ் பிரேரி நாய்க் குடியிருப்பு வரும். பெயரில் நாய் இருந்தாலும் இவை அணில் குடும்பத்தைச் சேர்ந்த வளைவாழ் விலங்குகள். ஒவ்வொரு வளையின் வாயிலும் ஒன்று நிமிர்ந்து நின்று காவல் காக்கும். பருந்தின் நிழல் விழுந்தால் எச்சரிக்கைக் குரல் கிளம்பி, நொடியில் வெளி முழுவதும் காலியாகிவிடும். அவை ஓயாமல் கடித்துக் குட்டையாக வைத்திருக்கும் புல்லில் புதுத் தளிர் எப்போதும் இருப்பதால் பைசன்களும் அங்கே மேய வருகின்றன. அமெரிக்காவின் மிக அரிய பாலூட்டிகளுள் ஒன்றான கருங்கால் ஃபெரெட் என்னும் கீரி போன்ற சிறு விலங்கு பிரேரி நாய்களையே உண்டு வாழ்வதால், 1994 முதல் இந்தப் பூங்காவில் அவற்றையும் மீண்டும் விட்டு வளர்த்துவருகிறார்கள். பிரேரி நாய்களின் தெள்ளுப்பூச்சி பிளேக் நோயைப் பரப்பக்கூடும். ஆகவே அவற்றுக்குத் தீனி கொடுக்கவோ வளைக்கு அருகில் குழந்தைகளை உட்கார வைக்கவோ கூடாது.

சேஜ் கிரீக்கில் கட்டணமில்லாத எளிய முகாமிடம் ஒன்று உண்டு. அங்கே குடிநீர் கிடையாது. பைசன்கள் கூடாரங்களுக்கு இடையே நடந்து செல்வதும் உண்டு. துணிவும் அனுபவமும் உள்ளவர்கள் அங்கே தங்கலாம். மற்றவர்கள் வால் நகரில் தங்கி விடிகாலையில் திரும்பி வரலாம். ஜூன் மாதத்தில் ஐந்தேகால் மணியளவில் விடிந்துவிடும். மழை பெய்தால் இந்தச் சாலையின் களிமண் டயரில் பசைபோல் ஒட்டிக்கொண்டு வண்டியை வழுக்கச் செய்யும். ஈரம் காயும்வரை நுழையாதீர்கள்.

காலையில் சாலையோரத்தில் கிண்ணம்போல் குழிந்த வெற்று மண் வட்டங்களைப் பார்ப்பீர்கள். பூச்சிக்கடி தாளாமலும், இனச்சேர்க்கைக் காலத்தில் தன் வாடையைப் பதிப்பதற்காகவும் பைசன் புரண்டு புரண்டு உருவாக்கிய புழுதிக்குழிகள் அவை. மழைக்காலத்தில் அவற்றில் நீர் தேங்கி, சுற்றிலும் இல்லாத செடிகள் முளைக்கும், தவளைகள் முட்டையிடும். விலங்கே கண்ணில் படாத காலையிலும், புதிதாகப் புரண்ட குழியில் ஈரமண்ணும் ரோமமும் இருக்கிறதா என்று காரிலிருந்தே பார்த்தால் மந்தை அண்மையில் வந்துசென்றதா என்பது தெரிந்துவிடும்.

படி 5: கஸ்டர் மாநிலப் பூங்கா

சீனிக் என்ற சிற்றூர் வழியாக 44-ஆம் எண் சாலையில் ராப்பிட் சிட்டியை அடைந்து, அங்கிருந்து கஸ்டர் செல்லுங்கள். இது நெடுஞ்சாலையைவிட மெதுவான வழி, ஆனால் இருபுறமும் புல்வெளி.

71,000 ஏக்கர் பரப்புள்ள கஸ்டர் பூங்காவின் மந்தைக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் கதை இருக்கிறது. 1880-களின் தொடக்கத்தில், பைசன்கள் மறைந்துகொண்டிருந்த வேளையில், டுப்ரீ குடும்பத்தினர் சில கன்றுகளைப் பிடித்து வளர்த்தார்கள். அந்த மந்தையைப் பின்னர் ஸ்காட்டி ஃபிலிப் என்ற பண்ணையார் வாங்கிப் பெருக்கினார். அவருடைய மந்தையிலிருந்து 1914-இல் 36 விலங்குகள் கஸ்டருக்கு வந்தன. இன்று கோடையில் இங்கு 1,300-க்கும் மேற்பட்ட பைசன்கள் உள்ளன. புல் எவ்வளவு விலங்குகளைத் தாங்கும் என்று ஆண்டுதோறும் கணக்கிட்டு, மிகுதியானவற்றை விற்றுவிடுகிறார்கள். செப்டம்பரில் மந்தையைப் பட்டியில் அடைப்பதன் நோக்கமே இதுதான்.

காணவேண்டியது 18 மைல் நீளமுள்ள வைல்ட்லைஃப் லூப் சாலை. காலையில் ஸ்டேட் கேம் லாட்ஜ் என்ற விடுதியின் பக்கமிருந்து தொடங்கினால் பயணத்தின் பிற்பகுதியில் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். கண்ணும் கூசாது, படமும் தெளிவாக வரும். ஒரு மணி நேரத்தில் முடித்துவிடக்கூடிய இந்தச் சாலைக்கு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். தார்ச்சாலையில் மந்தை இல்லாவிட்டால் தெற்குப் பகுதியில் பிரியும் லேம் ஜானி சாலை போன்ற மண்சாலைகளில் மெதுவாகச் சென்று பாருங்கள். எந்த வழியில் தேடுவது என்ற ஐயம் வந்தால், அண்மையில் தீ வைத்து எரித்த நிலமும் மழைக்குப் பின் தளிர்த்த சரிவும் எங்கே என்று பூங்கா ஊழியரிடம் கேளுங்கள். இளந்தளிர் இருக்கும் இடத்தில் பைசன் இருக்கும்.

இந்த வழியில் பிராங்ஹார்ன் என்னும் மான் போன்ற விலங்கையும் காணலாம். வட அமெரிக்காவின் தரைவாழ் விலங்குகளில் மிக வேகமாக ஓடக்கூடியது அதுவே. பிச்சை கேட்கும் கழுதைகள் என்று பெயர்பெற்ற கழுதைக் கூட்டம் ஒன்று காரின் சன்னலுக்குள் தலையை நீட்டும். குழந்தைகளுக்கு அது பெரும் மகிழ்ச்சி. ஆனால் கழுதை நின்ற இடத்தில் பைசனும் நின்றால், கழுதைக்காகக் கூடக் காரிலிருந்து இறங்க வேண்டாம்.

நண்பகலில் பைசன்கள் படுத்து அசைபோடும். அந்த நேரத்தை அயர்ன் மவுண்டன் சாலைக்கும், விரும்பினால் மவுண்ட் ரஷ்மோருக்கும் கொடுத்துவிட்டு, மாலையில் லூப் சாலைக்குத் திரும்புங்கள்.

படி 6: விண்ட் கேவ்

கஸ்டரிலிருந்து 87-ஆம் எண் சாலையில் தெற்கே சென்றால் விண்ட் கேவ் வந்துவிடும். 1903-இல் தியோடர் ரூஸ்வெல்ட் ஒரு குகைக்காக உருவாக்கிய தேசியப் பூங்கா இது. இப்பூங்காவின் மந்தை தொடங்கிய விதம் எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பைத் தருகிறது: 1913-இல் நியூயார்க் நகரின் பிராங்ஸ் விலங்குக் காட்சியகத்திலிருந்து 14 பைசன்கள் ரயிலில் ஏற்றப்பட்டு, தங்கள் மூதாதையர் வாழ்ந்த புல்வெளிக்குத் திரும்ப அனுப்பப்பட்டன. 1916-இல் யெல்லோஸ்டோனிலிருந்து மேலும் 6 வந்து சேர்ந்தன. வீட்டு மாட்டோடு கலந்த மரபுக்கூறு இந்த மந்தையில் மிகக் குறைவு என்பதால், பிற இடங்களில் புதிய மந்தைகளை உருவாக்க இங்கிருந்து விலங்குகள் அனுப்பப்பட்டுள்ளன.

காலையில் முதலில் ராங்கின் ரிட்ஜ் பாதையில் ஏறுங்கள். ஒரு மைல் சுற்றளவுள்ள எளிய நடை. மேலே நின்று கிழக்கே பார்த்தால், பாண்டெரோசா பைன் காடு முடிந்து புல்வெளி தொடங்கும் எல்லை துல்லியமாகத் தெரியும். காட்டுத்தீ வராத ஆண்டுகளில் மரக்கன்றுகள் புல்லுக்குள் முன்னேறுவதையும், தீ வந்தால் பின்வாங்குவதையும் அந்த எல்லையில் கண்கூடாகக் காணலாம். அதன்பின் பூங்காவின் கிழக்குப் பகுதியில் 5, 6 என்று எண்ணிடப்பட்ட சரளைச் சாலைகளில் செல்லுங்கள். கஸ்டரைவிட இங்கே கூட்டம் மிகக் குறைவு. பல காலைகளில் உங்கள் கார் மட்டுமே அந்தச் சாலையில் இருக்கும்.

பைசன் அருகில் இல்லாத இடமாகப் பார்த்து, நாற்புறமும் அலசிவிட்டு, ஒருமுறை இறங்கிப் புல்லுக்கு அருகே குந்துங்கள். ஒரே நிறமாகத் தெரிந்த வெளி அப்போது பிரிந்து தெரியத் தொடங்கும். கண் இமைபோல் ஒருபக்கமாக வளைந்த கதிருடன் இருப்பது புளூ கிராமா. தரையோடு படர்ந்து சுருண்டிருப்பது பஃபலோ புல்; நீலச்சாயலுடன் விறைத்து நிற்பது வெஸ்டர்ன் வீட்கிராஸ். இலையுதிர் காலத்தில் செம்புநிறமாக மாறும் கொத்து லிட்டில் புளூஸ்டெம். வெள்ளி நிற சேஜ் செடியின் இலையைப் பறிக்காமல், விரலால் தொட்டு முகர்ந்து பாருங்கள். வேலிக்கம்பத்தில் மஞ்சள் மார்போடு நின்று பாடும் பறவை வெஸ்டர்ன் மெடோலார்க்.

நண்பகல் வெயிலில் குகைக்குள் செல்லலாம். 150 மைலுக்கும் மேல் அளந்து வரையப்பட்டுள்ள இக்குகையின் மேற்கூரையில் தேன்கூடுபோல் பின்னிய கால்சைட் தகடுகள் இருக்கின்றன. வெளியே காற்றழுத்தம் மாறுவதற்கேற்ப, குகையின் இயற்கை வாயிலில் காற்று உள்ளேயும் வெளியேயும் வீசும். லகோட்டா மக்களின் தோற்றக் கதையில், மண்ணுக்கடியிலிருந்து தம் மூதாதையர் இவ்வுலகுக்கு வந்த வாயில் இதுவே. அவர்களுக்கு உணவளிக்கப் பைசனும் இங்கிருந்தே வந்தது. அவர்களுக்கு இது புனிதத் தலம் என்பதால், வாயிலருகே கட்டப்பட்டிருக்கும் வண்ணத் துணிகளையும் காணிக்கைகளையும் தொடவோ படம் எடுக்கவோ வேண்டாம்.

படி 7: நேரம் இருந்தால் நீட்டிக்கும் வழிகள்

கூடுதலாக இரண்டு நாள்கள் இருந்தால், வடக்கே ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் வடக்கு டகோட்டாவின் மெடோரா நகரையும் தியோடர் ரூஸ்வெல்ட் தேசியப் பூங்காவையும் அடையலாம். 1956-இல் அங்கு மீண்டும் விடப்பட்ட மந்தையுடன் காட்டுக்குதிரைகளும் உள்ளன. நிலம் பேட்லேண்ட்ஸைவிடப் பசுமையானது.

ஆனால் எனக்கு ஒரே ஒரு நீட்டிப்புக்குத்தான் நேரம் என்றால், வேறொரு பயணமாகவேனும் தெற்கே கான்சாஸின் ஃபிளிண்ட் ஹில்ஸைத் தேர்ந்தெடுப்பேன். அங்குள்ள குன்றுகளில் மேல்மண்ணுக்குக் கீழே சிக்கிமுக்கிக் கல் நிறைந்திருந்ததால் ஏர் இறங்கவில்லை. அதனாலேயே நாட்டில் எஞ்சிய நெடும்புல் பிரேரியின் பெரும்பகுதி அங்கே பிழைத்தது. ஸ்ட்ராங் சிட்டிக்கு அருகே 1996-இல் தொடங்கப்பட்ட நெடும்புல் பிரேரி தேசியக் காப்பிடத்தில், 2009-இல் விண்ட் கேவிலிருந்து சென்ற 13 பைசன்களால் உருவான மந்தை இருக்கிறது. நடைபாதை அந்த மந்தை மேயும் நிலத்தின் ஊடாகவே செல்வதால், அங்கு 100 கஜ விதியைக் காலால் நடந்தே கடைப்பிடிக்க வேண்டியிருக்கும். பாதையில் மந்தை நின்றால் திரும்பி வந்துவிடுங்கள். இன்னும் தெற்கே, ஓக்லஹோமாவின் பஹஸ்கா நகருக்கு வடக்கே, நேச்சர் கன்சர்வன்சி அமைப்பு 1989-இல் வாங்கிய பண்ணைநிலத்தில் 1993-இல் 300 பைசன்களை விட்டது. இன்று அங்கே அவை இரண்டாயிரத்துக்கும் மேல் பெருகியிருக்கின்றன.

ஃபிளிண்ட் ஹில்ஸுக்கு ஏப்ரலில் சென்றால் பண்ணையாளர்கள் புல்லுக்குத் தீ வைப்பதையும், கருகிய நிலத்தில் பத்து நாள்களுக்குள் பசுமை எழுவதையும் காணலாம். புகையால் சாலை மறையும் இடங்களில் வேகத்தைக் குறைத்து விளக்கைப் போட்டு ஓட்டுங்கள். பிக் புளூஸ்டெம் தோளுக்கு மேல் வளர்ந்து, வான்கோழியின் கால்போல் மூன்றாகப் பிரிந்த கதிரோடு நிற்பதைப் பார்க்க வேண்டுமானால் செப்டம்பர் பிற்பகுதியே ஏற்றது. அந்த வாரங்களில் சிறு நகரங்களின் விடுதிகள் பெரும்பாலும் வார இறுதியில்தான் நிரம்புகின்றன என்பதால், செவ்வாய், புதன் கிழமைகளில் செல்லுமாறு திட்டமிடுங்கள்.